நூற்று இருபத்தெட்டு

புந்தா அரீனாஸ் துறைமுகத்தில்
நூற்று இருபத்தேழு வரைக்கும்
காற்று ஒழுங்காகத்தான் வீசும்.
ஒரு கிலோமீட்டர் கூடினால்
திரையில் அது
மைனஸ் நூற்று இருபத்தெட்டு.

"எதுவிகிஸ், உன் காற்று
வந்த வழியே திரும்பிப் போகுதாமே"
என்று மாலுமிகள் சிரிப்பார்கள்.
ஒஸ்வால்தோ சிரிக்கமாட்டான்.
அந்த எண்ணைப் பார்த்துத்தான்
கிரேனில் ஏறுவான், இறங்குவான்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதுமாக இருந்தது.
நிரலில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன்:
மைனஸ் இனி உனக்குக் கிடையாது.
ஒட்டு தயார்.
இதை யாரிடம் காட்டுவது?
அதற்குத்தான் ஐந்து வாரம்.

கருவியைக் கேட்டால் பதினான்கு பெயர் சொல்கிறது.
முதலாமவர்
நாலாயிரம் கோப்புகளில் ஓர இடைவெளியை நேராக்கியவர்.
என் கோப்பு வழியாகவும் போயிருக்கிறார்,
தெரு கூட்டும் வண்டி போல,
எந்த வீட்டில் யார் என்று பார்க்காமல்.
இரண்டாமவருக்குப் போன கடிதம்
என் மாத்தே ஆறுவதற்குள் திரும்பி வந்தது.
மூன்றாமவர் ஓர் எழுத்துப்பிழை திருத்தியவர்
(சரியான திருத்தம்தான்).
நான்காமவரின் நிறுவனத்தை வாங்கிய நிறுவனத்தை
வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.
பராமரிப்பவர் என்று பட்டியலிலேயே இருப்பவர்
மரியாதையான மனிதர்.
"பார்க்கிறேன்" என்று உடனே எழுதினார்.
அது ஜூலை.

பிறகு பெயர்களை விட்டுவிட்டேன்.
இத்தனை வருடமாக மாற்றியவர்கள்
என்ன சொல்லிவிட்டு மாற்றினார்கள் என்று
கீழிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன்.
சரிசெய்தேன். சரிசெய்தேன். மீண்டும் சரிசெய்தேன்.
நடுவில் ஒன்று:

"முதல் அளவை நம்பாதே.. இரண்டாவதை எடு..
முதலில் ஆடுவது கம்பம், பிறகுதான் காற்று..
ராத்திரி அடியில் நின்று பார்த்தேன்.."

ஹானுஸ், ஃபாரோ தீவுகள்.
முற்றுப்புள்ளிகள் இரண்டிரண்டாய் விழுந்திருந்தன,
விரல் விறைத்தவன் தட்டியதுபோல.
பதினான்கு பேரில் அவர் இல்லை.

மற்றவர்களுக்கு அனுப்பிய அதே கடிதத்தை
அவருக்கு அனுப்பக் கூச்சமாக இருந்தது.
மக்கள் பிடித்து நடக்க
எங்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவதை எழுதினேன்.
ஒஸ்வால்தோவை எழுதினேன்.
ஒட்டைக் கடைசியில் வைத்தேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது.

"வேண்டாம்..
பழைய மானி உடைந்தால் மைனஸ் ஒன்று காட்டும்..
உன் ஒட்டில் அது இருநூற்று ஐம்பத்தைந்து ஆகிவிடும்..
செத்த மானி புயல் அடிக்கும்..
இரண்டு முறை ஏமாந்தவர்கள்
மூன்றாம் முறை நிஜப் புயலில் கிரேன் ஏறுவார்கள்..
இருநூற்று ஐம்பத்தைந்தை மட்டும் 'உடைந்தது' என்று தனியே வை..
மிச்சமெல்லாம் காற்றுதான்.."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.
யாரோ படித்திருக்கிறார்கள்!
என் ஒற்றைச் சொல்லையும்
அது போய் இடிக்கப்போகிற சுவரையும்.
நான் வேண்டாம் என்று அனுப்பிவைத்த எவனிடமும்
இவ்வளவு அக்கறையாக அதைச் சொன்னதில்லை.

இரண்டாம் ஒட்டு. ஒரு காற்புள்ளிக்காக மூன்றாம் ஒட்டு.
அதன் அடியில் அவர் பெயரும் ஒரு வரியும்:
படித்தேன், எங்கள் கம்பத்தில் ஏற்றியும் பார்த்தேன்.
அந்த வரியைக் கண்டதும்
ஜூலைக்காரர் ஒரே பகலில் உள்ளே எடுத்துக்கொண்டார்.

சும்மா இருக்க முடியவில்லை.
பட்டியலுக்கே ஓர் ஒட்டுப் போட்டேன்:
இந்தக் கோப்பு என்றால் ஹானுஸைக் கேளுங்கள்.

"தனியாகப் போடாதே..
மே மாதம் ஆடுகள் குட்டி போடும், மலையில் இருப்பேன்..
உன் பெயரையும் சேர்.."

சேர்த்தேன்.

இன்று காலை ஹொக்கைடோவிலிருந்து ஒரு கடிதம்.
யாரோ மிஸுஹோ. காற்றாலையில் வேலையாம்.
நிரலில் ஒரே ஒரு சொல் மாற்றியிருக்கிறாள்.
வேண்டாம் என்று தோன்றுகிறது.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
இங்கே மே மாதம்.

கோட்டை மாட்டிக்கொண்டு
கம்பத்தடிக்குப் போகிறேன்.